தாளைத் திருப்பும் கை

சேலத்தில் நான் தர்மபுரி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே சில வருஷங்கள் ஒரு விளம்பரப் பலகை இருந்தது. மூன்று விளம்பரங்களைத் தானே மாற்றிக்கொள்ளும் பலகை. ஒரு மழைக்காலத்தில் அது பாதித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. பட்டுப்புடவைப் பெண்ணின் முகத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஜன்னல்கள் முளைத்தன. எழுத்துக்களில் ஒன்று ஜவுளிக்கடைக்காரனுடையது, அடுத்தது கல்லூரிக்காரனுடையது. நம் கவிஞர்கள் சிலர் பார்த்திருந்தால் கொலாஜ் என்று சொல்லி ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருப்பார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அத்தனை வருஷம் தினமும் அதற்கு எதிரே நின்றிருந்தும், அது பழுதான அந்த ஒரு வாரத்தில்தான் நான் அதை வாசிக்க முயன்றேன்.

யந்திரம் எளிமையானது. நெட்டுக்குத்தாக வரிசையாய் நிற்கும் முக்கோணக் குழல்கள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம். ஒரு படத்தை நீளத் துண்டுகளாக வெட்டிக் குழலுக்கு ஒன்றாக ஒட்டுவார்கள். பல்சக்கரங்களால் கோர்க்கப்பட்ட குழல்களை ஒரு மோட்டார் 120 பாகை திருப்பும், சில வினாடி நிற்கும், மறுபடி திருப்பும். இன்னொரு வகையில் தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நீண்ட சுருளாக்கி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உருளைகளில் சுற்றி, பின்னால் விளக்கெரியும் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். இரண்டிலும் வியாபாரம் ஒன்றே: ஒரே இடத்தைப் பல பேருக்கு வாடகைக்கு விடுவது. ஒரே நிலத்தை மூன்று பேரிடம் அடமானம் வைத்தால் எங்கள் வங்கியில் போலீசுக்குப் போவோம். சுவரை அப்படிச் செய்தால் அது தொழில்நுட்பம்.

இந்த யந்திரத்தின் மூதாதை நாடக மேடையில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் தமது நூலின் ஐந்தாம் புத்தகத்தில், மேடையில் நிற்கும் சுழல் முக்கோணங்களைப் பற்றி எழுதுகிறார். கிரேக்கர்கள் அவற்றைப் பெரியாக்தோய் என்றார்கள். மூன்று முகங்களிலும் வேறு வேறு அலங்காரம். நாடகம் மாறும்போது, அல்லது இடி முழக்கத்தோடு தேவர்கள் தோன்றும்போது, அவற்றைத் திருப்பி வேறு முகத்தைக் காட்டுவார்கள். வடிவத்தில் சேலத்துப் பலகைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஆனால் அங்கே முகம் மாறுவதற்கு ஒரு காரணம் வேண்டும்: தேவன் வரவேண்டும், அல்லது கதை வேறு ஊருக்குப் போகவேண்டும். பார்ப்பவர்கள் அதற்காகவே உட்கார்ந்திருந்தார்கள். திருப்பியவனுக்கும் எப்போது திருப்பவேண்டும் என்று தெரிந்திருந்தது.

சுருள் வகைக்கு உதாரணம் தேட அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. திருவிழாக்களில் கால் முளைத்த பெட்டியைத் தோளில் சுமந்து வந்த பயாஸ்கோப்புக்காரனை நம் தகப்பனார்களின் தலைமுறை அறியும். கண்ணாடித் துளையில் முகத்தை வைத்தால் உள்ளே படச்சுருள் ஓடும். வெளியே அவன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே பாடுவான். இன்றைய விளக்குப் பெட்டியின் இரண்டு உருளைகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தவைதான். அமெரிக்காவில் 1890களில் ஹெர்மன் காஸ்லர் செய்த மியூட்டாஸ்கோப் இன்னும் ஒருபடி தாராளமானது. அதில் படம் அச்சிட்ட அட்டைகளை ஒரு சக்கரத்தைச் சுற்றிச் செருகியிருந்தார்கள். காசு போட்டவனே கைப்பிடியைச் சுற்றவேண்டும். வேகமும் நிதானமும் அவன் இஷ்டம். ஒரு படத்தில் நின்றுவிடவும் முடியும். புத்தகத்தின் உரிமையில் ஒரு பங்கு அந்தப் பெட்டியில் மிச்சமிருந்தது என்பேன்.

சினிமாக் கொட்டகை ஸ்லைடுகளையும் சொல்லவேண்டும். படம் தொடங்குமுன் உள்ளூர் ஜவுளிக்கடை, சைக்கிள் கடை, புகை பிடிக்காதீர். ஆபரேட்டர் ஒவ்வொரு கண்ணாடியாகக் கையால் தள்ளுவார். சில சமயம் கடைக்காரர் தலைகீழாகத் தோன்றுவார்; கொட்டகை முழுக்க விசில். அந்த விசிலால் ஒரு மனிதன் அங்கே மேலே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

இந்த வரிசையில் தமிழ்நாடு தனக்கென்று செய்துகொண்டது தினசரி காலண்டர். சிவகாசியில் ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பங்கள் வெளியாகின்றன. தை பிறக்குமுன் அந்தக் காலண்டர் மளிகைக்கடைச் சுவரிலிருந்து எங்கள் காஷியர் தலைக்கு மேல் வரை எல்லா இடத்திலும் தொங்குகிறது. மேலே முருகனும் கடையின் பெயரும். கீழே 365 தாள்கள். யந்திரப் பலகையில் விளம்பரம் மாறுகிறது, அதைப் பார்க்கும் நாள் பொருட்டில்லை. இங்கே நாள் மாறுகிறது, விளம்பரம் அசையாமல் இருக்கிறது. தாளைக் கிழிப்பது வீட்டில் ஒருவர் கை. கிழிக்க மறந்தால் நாளும் அங்கேயே நிற்கும். என் தாத்தா இறந்தபின் வீட்டுக் காலண்டரில் யாரும் ஒன்பது நாள் தாள் கிழிக்கவில்லை. பத்தாம் நாள் என் தாயார் மொத்தமாகக் கிழித்தார். அந்த ஒன்பது தாள்களையும் நான் வாசித்தேன். ராகுகாலம், எமகண்டம், இன்றைய பொன்மொழி எல்லாம்.

கை எப்போது விலகியது? ஒரு வருஷத்தைச் சுட்டுவது சரித்திரக்காரர்களின் பலவீனம்; இருந்தாலும் 1928 என்னைக் கவர்கிறது. அந்த வருஷம் வெளிவந்த 'ஒருவழிப் பாதை' என்ற சிறு நூலில் வால்டர் பெஞ்சமின், புத்தகத்தில் படுத்திருந்த எழுத்தைப் பத்திரிகையும் விளம்பரமும் தெருவுக்கு இழுத்து வந்து நிமிர்த்தி நிறுத்திவிட்டன என்று கவனிக்கிறார். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கில் டைம்ஸ் கட்டடத்தைச் சுற்றி மின்விளக்குகளாலான செய்தி வரி ஓடத் தொடங்கியது. நின்ற எழுத்து அவர் எழுதிய வருஷத்திலேயே நடக்கவும் கற்றுக்கொண்டது. 1956இல் பெல்ஜியத்தில் லியேஜ் ரயில் நிலையத்தில் இத்தாலியின் சொலாரி கம்பெனியின் பலகை வந்தது. சிறு தகடுகள் சடசடவென்று விழுந்து ரயிலின் பெயரும் நேரமும் மாறும் பலகை. அங்கே மாற்றத்துக்குக் காரணம் இருந்தது; பிரயாணி அண்ணாந்து காத்திருந்தான். விளம்பரப் பலகை அந்தத் திறமையை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டது. ரயில் வராவிட்டாலும் அது மாறும். யாரும் பார்க்காவிட்டாலும் இரவு இரண்டு மணிக்கு மாறிக்கொண்டிருக்கும்.

என் பஸ் தினமும் தாண்டும் தொப்பூர்க் கணவாய்க்கு வருகிறேன். பழைய தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. மேட்டூர்ச் சாலையும் தொப்பூரில்தான் பிரிகிறது. தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும் சரிவு அது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்கு அங்கே பிரேக் பிடிப்பதில்லை. 2020 டிசம்பரில் நின்றிருந்த வாகனங்கள் மேல் ஒரு லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இறந்திருக்கிறார்கள்.

இந்த ஜில்லா வழியோர எழுத்துக்குப் பழக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்பொருள் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த தருமபுரிக் கல்வெட்டுகள் 1975இல் வந்தபோதுதான், இங்கே கொட்டிக் கிடக்கும் நடுகற்களின் பெருக்கம் வெளியில் தெரிந்தது. ஆநிரை மீட்டோ, ஊரைக் காத்தோ விழுந்தவனின் பெயர். மேலே அரசனின் ஆட்சியாண்டு. கல் மாறாது, வழிப்போக்கன் வரும்வரை நிற்கும். ஆனால் கல்லும் பத்திரமில்லை என்பதைச் சங்கக் கவிஞர்கள் அறிந்திருந்தார்கள். அகநானூற்றுப் பாலைப் பாட்டு ஒன்றில் உமணனின் உப்பு வண்டிச் சக்கரம் நடுகல்லின் தலையைச் சிதைத்துவிடுகிறது. உளி வெட்டிய எழுத்தின் கோடுகள் மழுங்கி, அவ்வழி போகிறவர்களுக்கு வேறு பொருள் படுகிறது. சேலத்தில் சிக்கிக்கொண்ட பலகைக்கு இதைவிட நல்ல உரை கிடைக்காது. உப்பு வண்டிக்காரன் வேண்டுமென்று மோதவில்லை. அவனுக்கு இருட்டுமுன் கணவாய் தாண்டவேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் இந்த விஷயத்தை வேறு முனையிலிருந்து பார்க்கிறது. தமிழ்நாட்டின் 1959ஆம் வருஷச் சட்டத்துக்குக் கவலை, பொதுவிடங்கள் அலங்கோலமாவது. 1997இல் உச்ச நீதிமன்றம் தில்லி வழக்கொன்றில், சாலையோரத்தில் போக்குவரத்துக்கு ஆபத்தாக நிற்கும் விளம்பரப் பலகைகளை அகற்றச் சொன்னது. கவலை டிரைவரின் கண்ணைப் பற்றியது. நியாயமே. பலகை வெற்றி பெற்றால் டிரைவர் தோற்கிறான். மற்ற எந்த எழுத்தும் வாசகன் நிற்கவேண்டும் என்று விரும்பும். இது அவன் ஓடும்போதே ஒரு கணம் கழுத்தைத் திருப்பினால் போதும் என்கிறது. முந்நூறு பிரதி அடித்து, நூறு பேர் நின்று வாசிப்பார்கள் என்று நம்புகிற நாம் இதைச் சற்று யோசிக்கலாம். நம் பத்திரிகைகளிலும் இப்போது கவிதைகள் பக்கத்துக்கு மூன்றாகத் திரும்பத் தொடங்கியிருக்கின்றன.

சேலத்துப் பலகை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒளித்திரை வந்துவிட்டது; அதில் சிக்கிக்கொள்ளப் பல்சக்கரம் கிடையாது.

போன வருஷம் ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும்போது கணவாயில் முன்னால் ஏதோ கவிழ்ந்து பஸ் நின்றது. இரண்டு மணி நேரம். எல்லோரும் கீழே இறங்கினோம். செல்போனில் சிக்னல் சரியாக இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் எதிரில் இருந்ததையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார்கள்: லாரிகளின் பின்பக்கம், ஹோட்டல் போர்டு, பாறையில் சுண்ணாம்பால் எழுதி மழையில் பாதி போய்விட்ட ஒரு கட்சியின் பெயர். என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கிழவி நெடுஞ்சாலைக்காரர்களின் மஞ்சள் பலகையைக் காட்டி, "அதுல என்ன தம்பி போட்டிருக்கு?" என்று கேட்டாள். வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது பாட்டி என்றேன். அவள் நின்றிருந்த வண்டி வரிசையைக் கடைசிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்துக்கொண்டு சாலையோரச் சுவரில் உட்கார்ந்தாள்.