இன்ஸ்டிங்டிவ்லி

இன்ஸ்டிங்டிவ்லி: ஆங்கில வினையடை. யோசிக்காமல், உள்ளிருந்து எழும் தூண்டுதலால் ஒன்றைச் செய்வதைக் குறிக்கும். தமிழில் ‘இயல்பூக்கமாக’, ‘உள்ளுணர்வால்’, பேச்சில் ‘தன்னையறியாமல்’ எனலாம்.

தோற்றம்: தூண்டிவிடுதல் என்னும் பொருளுள்ள ‘இன்ஸ்டிங்குவெரே’ என்ற லத்தீன் வினை. குத்துதல் என்பதே அதன் அடிக்கருத்து. மாட்டைத் தார்க்குச்சியால் முடுக்குவது போன்றது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தில், உளுத்த மரக்கலத்தை விட்டு எலிகள் ஓடியதைச் சொல்ல இச்சொல் வருகிறது.

பொருள் நுட்பம்: உளவியலில் இயல்பூக்கம் பிறவியிலேயே அமைவது, பட்டறிவால் பழகியது வேறு. கோலார் தங்கவயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பணி தொடங்கிய இவ்வயலில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. ஆழத்தின் அழுத்தத்தால் பாறைகள் திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. சுரங்கத் தொழிலில் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள்: கணீரென்றால் உறுதி, மந்தமாக ஒலித்தால் பிளவு. அந்த மந்த ஒலி கேட்டதும் கால் பின்வாங்குவதை இயல்பூக்கம் என்பது பேச்சுவழக்கு. உண்மையில் அது காது கற்ற பாடம். கோலார் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.