பாசியைச் செரிக்க வைத்த கணக்கு

இலக்கியக் கூட்டத்தில் ஒரு தாதி கணிதம் பேச வந்திருக்கிறாள் என்று சிலர் சிரிக்கலாம். பாசியிலிருந்து எவ்வளவு எரிவாயு கிடைக்கும் என்று சொல்லும் இந்தக் கணக்கு ஒரு மருத்துவமனையில்தான் தொடங்கியது.

1913. பெர்லின் நகர மருத்துவமனை ஒன்றின் சிறிய ஆய்வுக்கூடம். அங்கே லியோனோர் மைக்கேலிஸும், நம்முடைய ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டுப் போன மோட் மென்ரன் என்ற பெண்ணும், சர்க்கரையை உடைக்கும் நொதி ஒன்றின் வேகத்தை அளந்தார்கள். சர்க்கரையைக் கூட்டக் கூட்ட வேகமும் கூடியது. ஓர் எல்லைக்குப் பிறகு கூடவில்லை. நொதி முழுவதும் வேலையில் இருந்தது. மிச்சச் சர்க்கரை காத்துக்கிடந்தது.

வலிப்புக்குக் கொடுக்கும் பினைற்றோயின் மருந்திலும் இதே விதிதான். ஈரல் தன் எல்லையை நெருங்கிவிட்டால், அளவைக் கொஞ்சம் கூட்டினாலே இரத்தத்தில் மருந்து மளமளவென்று ஏறிவிடும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறோம்.

ஜேர்மானியர் பிடியிலிருந்த பாரிசில், 1942இல் வெளிவந்த தன் ஆய்வேட்டில், ஜாக் மொனோ பக்டீரியாக்களின் பெருக்கத்துக்கும் இதே வடிவச் சமன்பாட்டை எழுதினார். சாண எரிவாயுக் கலனைக் கணக்கிட வந்தவர்கள் பின்னாளில் அதைத்தான் கையில் எடுத்தார்கள். கலனுக்குத் தீனி அதிகமானால் அமிலம் தேங்கும், மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்கள் முடங்கும், வாயு நின்றுபோகும். மருந்தைப் போலவே இங்கும் அளவு முக்கியம்.

பாசி இந்தக் கணக்குக்கு எளிதில் அடங்கவில்லை. கலிபோர்னியாவில் கொலூக்கி, ஒஸ்வால்ட், கோற்றாஸ் மூவரும் கழிவுநீரில் வளர்த்த பாசியைக் காற்றுப் புகாத கலனில் செரிக்க வைத்து, 1957இல் முடிவை வெளியிட்டார்கள். சாக்கடைக் கசடு தந்ததைவிடப் பாசி தந்த வாயு குறைவு. உயிரணுவின் சுவர் நுண்ணுயிர்களுக்கு இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. பாசியில் புரதமும் அதிகம். அது சிதையும்போது வரும் அமோனியா, மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் கெடுதல்.

2002இல் சர்வதேச நீர்ச் சங்கம் ஏடிஎம்1 என்ற பொது மாதிரியை வெளியிட்டது. பெரிய மூலக்கூறுகள் உடையும் வேகம் அதில் தீனியின் அளவை மட்டும் பொறுத்தது. 2011இல் பிரான்சிய ஆய்வாளர்கள் குளோரெல்லாப் பாசிக்காக அந்த இடத்தைத் திருத்தினார்கள். தீனியோடு, அதை உடைக்க எத்தனை நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிகளை மட்டும் எண்ணாமல் பணியில் எத்தனை தாதிகள் என்றும் பார்ப்பதுபோல!

பாசி இவ்வளவு வேகமாக வளரும், இத்தனை வீடுகளில் அடுப்பெரியும் என்று பெருக்கிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். முதலீடு கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கலனுக்குள் அந்தச் சுவர் உடைய எத்தனை நாள் எடுக்கும்? விடை சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.