கல்லா, புல்லா? செசபீக் கரை சொல்லும் கதை

ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கியதும், 2013இல் அது திறக்கப்பட்டதும், வடக்குப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களைக் கடல் தின்றதும் நம் வாசகர்கள் அறிந்தவை. அந்தக் கரையைப் பற்றிக் கதை எழும்பினால் ஒருவர் "கல்லைப் போடுங்க" என்பார், இன்னொருவர் "கண்ணா நடுங்க" என்பார். கல், செடி இரண்டையும் நெடுங்காலம் செய்து பார்த்த ஒரு கரை அமெரிக்காவில் உண்டு. அதன் வரலாற்றைத் தேடி வாசித்தபோது நம் விவாதத்துக்கு அது நேரடியாகப் பயன்படும் என்று எனக்குத் தோன்றியது.

செசபீக் குடாவிலுள்ள ஹொலண்ட் தீவில் 1910 அளவில் ஏறக்குறைய 360 பேர் இருந்தார்கள். மீனும் சிப்பியும்தான் பிழைப்பு. தீவு முழுக்க மண்ணும் சேறும். கரை அரிக்க அரிக்கக் கல்லைக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பிறகு வீடுகளையே பலகை பலகையாகக் கழற்றி, படகில் ஏற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனார்கள். எஞ்சி நின்ற கடைசி வீடும் 2010 ஒக்டோபரில் தண்ணீருக்குள் விழுந்தது.

குடாவின் மற்றக் கரைகளில் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு சுவர் கட்டினார்கள். சுவரில் மோதும் அலை திரும்பி வந்து அதன் அடிமண்ணைக் கிளறும். முன்னால் இருந்த சதுப்பு போய்விடும். சுவர் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் காணி அரிபடும். அவரும் கட்டுவார். இப்படியே வரிசையாகப் போகும்.

1972இல் எட்கார் கார்பிஷ் என்ற இரசாயனவியல் பேராசிரியர் பல்கலைக்கழக வேலையை விட்டு, மேரிலாந்தின் செயின்ற் மைக்கேல்ஸ் என்ற சிற்றூரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். உவர்ச் சதுப்புப் புல்லை நாற்றாக வளர்த்து, அரிபட்ட கரையில் நடுவதுதான் அதன் வேலை. நம் வயற்காரருக்கு இது புதினமாக இராது. ஆனால் ஒரு வித்தியாசம்: இந்த விதை காய்ந்தால் செத்துப்போகும், குளிர்ந்த உப்புநீரில்தான் வைத்திருக்க வேண்டும். நடுகிற மட்டமும் பிசகக்கூடாது. ஸ்பார்ட்டினா புல்லில் ஒரு வகை சராசரிக் கடல்மட்டத்துக்கும் பெருக்கு மட்டத்துக்கும் இடையில் மட்டுமே நிற்கும். இன்னொரு வகை அதற்கு மேலேதான். கரை ஏற்கெனவே போயிருந்தால் முதலில் மண் போட்டுச் சரிவு அமைத்து, பிறகுதான் நடவு. பல இடங்களில் முன்னால் சிறு கல்வரம்பும் வைப்பார்கள். கல்லை அடியோடு தள்ளிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1982இல் வெளிவந்த அளவீடு ஒன்றின்படி, இந்தப் புல்லுக்குள் முதல் இரண்டரை மீற்றரிலேயே அலையின் சக்தி பாதிக்கு மேல் குறைந்தது. மேரிலாந்து 2008இல் சட்டமே கொண்டுவந்தது: முடியாது என்று காட்டினால் தவிர, கரையோரக் காணிக்காரர் சுவருக்குப் பதிலாக உயிருள்ள கரையே அமைக்க வேண்டும். 2011இல் ஐரீன் சூறாவளி தெற்கே வட கரோலினாவைத் தாக்கியபோது, ஆய்வாளர்கள் பார்வையிட்ட தடுப்புச் சுவர்களில் 76 வீதமானவை சேதமாகியிருந்தன. சதுப்பின் தரைமட்டமோ குறையவில்லை.

அப்படியென்றால் நாமும் நட்டுவிடலாமே என்று கேட்கலாம். நட்டோம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை கண்ணா நடப்பட்டதாகவும், அதில் 200 ஹெக்டேயரளவே தப்பியதாகவும் 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பொருந்தாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காததும் முக்கிய காரணங்கள். மாடும் மேய்ந்தது. படம் பிடிக்க நட்ட கன்று அவ்வளவுதான் நிற்கும்.

இன்னொன்று: செசபீக் ஓர் அடங்கிய குடா. மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் புத்தளம் களப்புக்கும் அந்தப் பாடம் பொருந்தும். ஒலுவில் திறந்த கடல். அங்கே எந்தப் புல்லும் அலைக்கு நிற்காது. தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை அலைதடுப்பு மறிக்கிறது, அதனால்தான் வடக்கு அரிபடுகிறது. மறிபட்ட மணலை எடுத்து வடக்கே போட வேண்டும். அதுவும் ஒருமுறை போட்டு முடிகிற வேலையல்ல, அலைதடுப்பு நிற்கிற காலமெல்லாம் செய்ய வேண்டியது.