செட்டிநாட்டுப் பாணி: ஒரு பெயரடையின் வரலாறு

புதிய அடுக்ககங்களுக்கும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் வரும் விளம்பரங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். சதுர அடி, நெடுஞ்சாலையிலிருந்து தொலைவு, வங்கிக் கடன் என எண்களாகவே செல்லும் வாசகத்தின் நடுவில் திடீரென ஒரு பண்பாட்டுச் சொல் வந்து அமர்கிறது. சென்னையின் புறநகரானாலும் காரைக்குடியின் புதிய மனைப்பிரிவானாலும் அந்தச் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: செட்டிநாடு. செட்டிநாட்டுப் பாணி, செட்டிநாட்டுச் சாயல், செட்டிநாட்டு மரபைத் தழுவியது. இலக்கிய வாசகர்களான நமக்குத் தழுவல் என்ற சொல்லின் பொறுப்பு தெரியும். தழுவியவர் மூலத்தைச் சொல்லியாக வேண்டும். கட்டட விளம்பரத்தில் மூலம் எது என்று எவரும் கேட்பதில்லை.

ஒரு சொல்லின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாதபோது அதை விற்பது எளிது. செட்டிநாடு என்ற பெயரில் வருவாய் மாவட்டம் ஏதும் இருந்ததில்லை. அதன் ஊர்களில் ஒரு பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, 1985இல் பிரிந்த இன்றைய சிவகங்கை மாவட்டத்துக்குள் வந்தது. இன்னொரு பகுதி 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையைச் சேர்ந்தது. தொண்ணூற்றாறு ஊர்கள் என்பது நகரத்தார் மரபுக் கணக்கு. இன்று எஞ்சியிருப்பவை எழுபதுக்குச் சற்று மேல். இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என ஒன்பது கோயில்களின் வழிப் பங்காளிகளாகத் தங்களை அறிந்துகொண்ட ஒரு வணிகச் சமூகத்தின் பெயரால் நிலத்துக்கு வந்த பெயர் இது. 1929இல் அண்ணாமலைச் செட்டியாருக்குப் பிரிட்டிஷ் அரசு செட்டிநாட்டு ராஜா என்ற பட்டத்தை வழங்கியபோது அதற்கு ஓர் அரச முத்திரையும் கிடைத்தது. பிறகு அது சிமெண்டின் பெயராயிற்று. அந்தச் சிமெண்டின் முதல் ஆலை எழுந்ததோ கரூருக்கு அருகிலுள்ள புலியூரில். கோழிக் குழம்பின் பெயராயிற்று. கடைசியாக அடுக்ககத்தின் பெயராகவும் ஆகிக்கொண்டிருக்கிறது.

இவ்விளம்பரங்கள் காட்டும் படங்களில் மீண்டும் மீண்டும் வருபவை மூன்று: உருண்டு திரண்ட மரத்தூண், பூவேலை செய்த கதவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். இவை மூன்றும் இருந்துவிட்டால் அது செட்டிநாட்டு வீடாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

அந்த வீட்டை உள்ளே சென்று பார்க்கலாம். உயர்ந்த அடித்தளத்தின் மேல் முகப்பு, திண்ணை, வந்தவரை அமர்த்தும் பட்டாலை. அதைக் கடந்தால் வானம் பார்த்த முற்றமும் நான்கு புறமும் தாழ்வாரங்களும் வரிசையாக அறைகளும் கொண்ட வளவு. (யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீட்டைச் சுற்றிய நிலம், காரைக்குடியில் அது வீட்டின் நெஞ்சுப்பகுதி. ஒரே சொல் கடலைக் கடந்ததும் உள்ளும் புறமும் இடம் மாறிக்கொண்டிருப்பது சுவையானது.) அப்பால் உணவுக்கான இரண்டாங்கட்டு, அதற்கும் அப்பால் சமையலுக்கான கட்டு, கிணறு. பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். கூரைகளில் விழும் மழை முற்றத்தில் இறங்கிச் சேமிக்கப்படும். மிஞ்சியது ஊருணிக்குப் போகும். வறண்ட பூமியில் பிறந்த திட்டம் அது.

இந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்தாரிடையே மணமான ஆண்மகன் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கொடுப்பதும் புள்ளிக் கணக்கில்தான், வீட்டில் இடம் பெறுவதும் புள்ளிக் கணக்கில்தான். வளவைச் சுற்றிய அறைகள் மணமான மகன்களுக்கானவை. அவற்றில் மனைவி கொண்டுவந்த சீர் சாமான்கள் இருக்கும். உறக்கமும் விருந்தும் பேச்சும் பெரும்பாலும் பொதுத் தாழ்வாரங்களில். இதைவிட வியப்பானது அடுப்பு. திருமணமான மகனை அதே கூரையின் கீழேயே வேறு வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு செலவு என்று அளந்து கொடுத்துவிட்டால் அவன் குடும்பம் அதற்குள் தனியே உலை வைக்க வேண்டும். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பு, ஒரே வீட்டில் பெருங்கூட்டமாக வாழும் இம்மக்கள் தனித்தனியாகச் சமைத்துக்கொள்வதையும் ஆண்டுப் படியையும் வியந்து பதிவு செய்கிறது. கூட்டுக் குடும்பம் என்றதும் நம் மனத்தில் எழும் ஒரே பந்தி, ஒரே அடுப்பு என்ற சித்திரம் இங்கே பொருந்தாது.

சற்று யோசித்தால் விந்தையான ஓர் உண்மை புலப்படும். தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. பொது முற்றம், பொதுக் கிணறு, பொது முகப்பு. எவரும் தனித்து விற்க முடியாத மனை. அடுக்கக வாழ்க்கையின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே. தமிழ்நாட்டில் அடுக்ககம் வாங்குபவருக்குப் பத்திரத்தில் எழுதித் தரப்படும் பிரிபடாத பாகம் என்னும் கருத்தை ஆச்சிமார்களுக்கு எவரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. ஆக, செட்டிநாட்டு வீட்டிலிருந்து இன்றைய கட்டுநர் எடுத்துக்கொள்ளத் தகுந்த ஒன்று இருந்ததென்றால் அது இந்தப் பங்கீட்டுக் கலைதான். பொது இடம் எவ்வளவு, தனி இடம் எவ்வளவு, திருமணத்துக்கு எங்கே பந்தி போடுவது, மழைநீர் எங்கே சேர வேண்டும் என்ற கணக்கு. எடுத்துக்கொள்ளப்பட்டதோ தூண். நுழைகூடத்தில் இரண்டு தூண்களை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பின்னால் எங்கும் காணும் குறுகிய நடைவழியையும் அதன் இருபுறமும் சாத்திய கதவுகளையும் வைத்துவிடுகிறார்கள். முற்றம் இருக்க வேண்டிய இடத்தில் மின்தூக்கி.

அடுக்ககத்துக்கு இன்னும் நெருங்கிய உறவினர் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தார். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகளைச் சொல்கிறோம். நீண்ட ஒரே கூடம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டியும் சாய்வு மேசையும் வைக்கும் அளவு இடம். மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் பகலில் கணக்கெழுதி இரவில் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். சிங்கம்புணரியில் பிறந்து 1938இல் மெடானுக்கு வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், அந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தே ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகரப் புனரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. எந்த விளம்பரமும் கிட்டங்கியைத் தழுவியதாகச் சொல்லிக்கொள்வதில்லை. நெருக்கடியில் பகிர்ந்து வாழ்ந்ததை எவரும் மரபென்று வாங்குவதில்லை போலும்.

மரபு என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பூ ஓடுகள் ஜப்பானிலிருந்து, இரும்பு இங்கிலாந்திலிருந்து. முகப்பின் உச்சியில் கஜலட்சுமியும் பக்கத்தில் சீருடை அணிந்த சிப்பாயும் சுதையில் நிற்பார்கள். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சு மட்டும் உள்ளூர்க் கை. ஆத்தங்குடிக் கல்லுங்கூட அவ்வளவு பழையதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்புச் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் நிரப்பி, நீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியின் வழுவழுப்பே கல்லின் மினுக்காகிறது. ஆலைச் சிமெண்ட் இல்லாமல் அது இல்லை. கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் எழுந்தது. பார்க்கப்போனால் இவ்வீடுகள் அவை எழுந்த நாளில் ஆகப் புதியவையாகவும் ஆக அயலானவையாகவும் இருந்தவை. அதில் குறையொன்றுமில்லை. நாளை வரும் சரக்கைத் தயங்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்த சமூகத்தின் பெயரை, நேற்றைய மணம் என்று விற்பதில்தான் முரண்.

அந்தச் சரக்குக்கு விலை எங்கிருந்து வந்தது என்பதை விளம்பரம் சொல்லப்போவதில்லை. வரலாறு சொல்ல வேண்டும். கீழ் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் அடமான நிலங்கள் கைமாறியபின், 1938இல் அது 25 விழுக்காட்டை எட்டியது. பணமாகத் திரும்பாமல் மண்ணாகத் திரும்பிய கடன் அது. அவ்வகையில் செட்டியாருக்கும் அது வீழ்ச்சியின் தொடக்கமே. பர்மிய உழவருக்கோ நிலமே போயிற்று. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. சுதந்திர பர்மாவில் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பாலையூரிலும் தேவகோட்டையிலும் வீட்டைப் பராமரிக்க வந்துகொண்டிருந்த பணம் நின்றது. பங்காளிகள் சென்னைக்கும் மலேயாவுக்கும் பிற நாடுகளுக்கும் பிரிந்தார்கள். வீடு ஆண்டில் சில நாள், திருமணத்துக்கோ படைப்புக்கோ திறந்தது.

இனி வருவது இந்தப் பெயரடையின் இருண்ட பக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வீடுகள் துண்டுதுண்டாக நிற்கின்றன: நிலைகள், உத்தரங்கள், தூண்கள், எனாமல் பாத்திரங்கள், எவருடைய பாட்டனாரோ அமர்ந்திருக்கும் தஞ்சாவூர்ச் சட்டகப் படங்கள். பாணிக்குத் தேவை பெருகும்தோறும் தனித்த தூணுக்கு விலை ஏறுகிறது. நின்றிருக்கும் வீட்டுக்கு ஏறுவதில்லை. இடிக்கப்பட்ட வீட்டின் தூண் தொலைவிலுள்ள நகரத்தின் நுழைகூடத்தில் அலங்காரமாக நிற்குமானால், அங்கே செட்டிநாடு என்று எழுதியிருப்பது ஒருவகையில் உண்மைதான். அந்த உண்மைக்கு ஒரு வீடு போயிற்று. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டின் பகுதிகளைக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியபோது, வீட்டை வீடாகக் காட்டும் அக்கறையாவது இருந்தது.

உலகில் இது புதிதல்ல. சான் தியேகோவில் 1915இல் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின் கலிபோர்னியா முழுவதும் ஸ்பானியப் பாணி வீடுகள் முளைத்தன. அவற்றில் குடியேறியவர்களுக்கும் ஸ்பெயினுக்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை.

சட்டம் இதில் என்ன செய்கிறது? புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. அதன்படி செட்டிநாட்டுக் கொட்டானும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் பதிவு பெற்றிருக்கின்றன. பனையோலைக் கூடை எங்கே முடையப்பட வேண்டும் என்று கேட்க ஓர் ஏடு உண்டு. வீட்டுக்கு இல்லை, வீடு அச்சட்டம் சொல்லும் சரக்கு அல்ல. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் ஏரியா என்றால் எந்தச் சுவர் சேரும், எந்தச் சுவர் சேராது என்பது வரை வரையறுக்கிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து இழப்படைந்தவர் ஈடு கோரலாம் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பொய் என்று நிறுவ, சொல்லுக்கு முதலில் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். நீச்சல்குளம் இல்லையென்றால் காட்டிவிடலாம். செட்டிநாடு இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? மங்கலான பெயரடையின் பாதுகாப்பு அதுவே. 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டின் ஊர்த் தொகுதிகளை இந்தியா சேர்த்தது. அங்கே பெயரின் பொருள் தெளிவு: ஊர்கள், தெருக்கள், நீர்நிலைகள், வணிகர் வீடுகள், எல்லாம் சேர்ந்த ஒரு நிலம். தூணை மட்டும் தனியே எவரும் முன்மொழியவில்லை.

வாங்கப்போகிறவர் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. முற்றம் உண்டா, அது எத்தனை சதுர அடி, பராமரிப்பு எவர் பொறுப்பு? தளம் ஆத்தங்குடியில் வார்த்ததா, பூ அச்சிட்ட பீங்கான் ஓடா? தூண் சுமை தாங்குகிறதா, கான்கிரீட்டின் மேல் போர்த்திய பலகையா? மரம் பழையதென்றால் எந்த வீட்டினுடையது? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது.

பிரிபடாத பாகத்துக்கே திரும்புவோம். 1994ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாடு 2022இல் இயற்றிய அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர் ஒப்பினால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழிசெய்கிறது. செட்டிநாட்டுப் பாணி என்று விற்கப்பட்ட அடுக்ககம் பழுதானால் அதன் பங்காளிகள் கூடி முடிவெடுக்க ஏற்பாடு இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் பங்காளிகளுக்கு அது பொருந்தாது. நான்கு தலைமுறைக்குப் பின் பல ஊர்களில் சிதறியிருக்கும் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். இல்லையேல் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம்: பங்கு போட முடியாத சொத்து என்று நீதிமன்றம் கருதி, பாதிக்குக் குறையாத பங்குடையவர்களும் கேட்டுக்கொண்டால், விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ள உத்தரவிடலாம். வளவு வளவாகப் பிரியாது, பணமாகப் பிரியும். வாங்குகிறவருக்கு அதன்பின் மனை ஒரு கணக்கு, மரம் ஒரு கணக்கு.