பொன் ஆணியும் இரும்பு ஆணியும்

1869 மே 10. அமெரிக்காவின் யூட்டா பகுதியிலே, கிழக்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் மேற்கிலிருந்து வந்த இருப்புப்பாதையும் இணைந்தன. இணைந்த இடத்தில் பொன்னாலான ஆணி வைக்கப்பட்டது. நாடெங்கும் மணியோசை, களியாட்டம்! அந்த ஆணியிலே பொறிக்கப்பட்ட பெயர்கள் யாருடையவை? இருப்புப்பாதை நிறுவனத்தை நடத்திய சீமான்களுடையவை.

எண்ணற்ற இரும்பு ஆணிகளை அடித்தவர்களின் பெயர்கள் எங்கே? சம்பளப் பட்டியலில்கூடப் பெரும்பாலும் கூட்டத் தலைவனின் பெயர்தான் உண்டு. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை!

யார் அவர்கள்? தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்திலிருந்து, வறுமை துரத்தக் கடல் கடந்து வந்த ஏழைகள். மேற்குப் பகுதிப் பாதையை அமைத்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் தொழிலாளரில் பெரும்பாலோர் அவர்களே. சியரா நெவாடா மலையின் உச்சியிலே 1,659 அடி நீளக் கருங்கல்லைக் குடைந்தார்கள். உளி, சம்மட்டி, வெடிமருந்து—இவையே கருவிகள். ஒரு முகப்பிலே நாளொன்றுக்கு இரண்டடி முன்னேறுவதே அரிது. பனிச்சரிவு பலரை உயிரோடு விழுங்கிற்று.

1862இல் கலிபோர்னியா ஆளுநராகப் பதவியேற்றபோது, ஆசியர் வரவைத் தடுக்க வேண்டுமென முழங்கியவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். 1865இல், அதே மனிதர் அந்நிறுவனத்தின் தலைவராக நின்று, சீனர் இன்றேல் பாதை முடியாது என எழுதினார். அமைதியானவர்கள், பொறுமையானவர்கள் என்று புகழ் வேறு!

தோழர்களே, இந்தப் புகழ்ச்சியிலே ஒளிந்திருக்கும் இகழ்ச்சியைக் கவனியுங்கள். தோளைப் புகழ்ந்தவர் அறிவைக் காண மறுத்தார். கூட்டுக்கூட்டாகச் சேர்ந்து, தமக்கெனச் சமையற்காரரை அமர்த்தி, நீரைக் கொதிக்க வைத்துத் தேநீராகப் பருகி, நோயைத் தள்ளி நிறுத்திய அறிவு அது. வெள்ளையருக்குக் கூலியோடு உணவும் உண்டு, தமக்கோ கூலியிலிருந்துதான் உணவு என்ற அநீதியை உணர்ந்த அறிவு அது.

1867 ஜூனில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் சம்மட்டியைக் கீழே வைத்தனர். கூலியை உயர்த்து, வேலை நேரத்தைக் குறை என்றனர். கலவரம் இல்லை, கட்டுப்பாடு இருந்தது. நிறுவனமோ உணவு வரத்தை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பசி வென்றது, நீதி தோற்றது.

பாதை முடிந்தது, நன்றியும் முடிந்தது! 1882இல் சீனத் தொழிலாளர் நுழைவுக்கே தடைச்சட்டம் பிறந்தது. 1943 வரை அது நீக்கப்படவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்த உழைப்பாளிகளைத் தன் பெருமைக் கூடத்தில் ஏற்றியது 2014இல்தான். பாதை முடிந்து 145 ஆண்டுகளுக்குப் பின்!

பாதையை அமைத்தவர் யார் என்று வகுப்பிலே மாணவன் கேட்டால், பொன் ஆணியைப் பார்த்துப் பதில் சொல்லலாமா? மலையைப் பார்த்துச் சொல்வோம்!