எப்போது ஏற்றுவது, யார் முடிவு? நிறுவனங்களுக்கு மென்பொருள் திருத்தங்கள் சென்று சேரும் வரலாறு

மென்பொருளில் உள்ள பிழையைத் திருத்துவது அதைத் தயாரித்தவரின் கடமை. ஆனால் அந்தத் திருத்தத்தை ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதை யார் தீர்மானிப்பது? இந்த வரலாற்றை நாடாவிலிருந்து இணையத்துக்கு வந்த கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். தீர்மானிக்கும் அதிகாரம் வாடிக்கையாளரிடமிருந்து படிப்படியாகக் கைநழுவியதே அதன் மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மெயின்பிரேம் காலத்தில் ஐபிஎம் தன் திருத்தங்களைக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பியது. அவற்றை ஏற்ற எஸ்எம்பி என்றொரு நிரல் இருந்தது. முதலில் 'ரிசீவ்': நாடாவிலுள்ள திருத்தங்கள் கணினிக்குள் வந்து சேரும், எதுவும் மாறாது. அடுத்து 'அப்ளை': திருத்தம் செயலுக்கு வரும். சில நாள் ஓட்டிப் பார்த்து, சம்பளப் பட்டியலோ வங்கிக் கணக்கோ பிசகினால் 'ரெஸ்டோர்' கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். எல்லாம் சரியென்று தோன்றினால்தான் 'அக்செப்ட்': திருத்தம் நிரந்தரமாகும். வாடிக்கையாளரின் ஐயத்துக்கு இவ்வளவு மதிப்பளித்த ஏற்பாடு பின்னாளில் அரிதாகவே அமைந்தது.

அந்த ஐயம் வீணானதல்ல. 1999இல் விண்டோஸ் என்டி 4.0க்கு வந்த ஆறாவது சர்வீஸ் பேக்கை ஏற்றிய அலுவலகங்களில், நிர்வாகி உரிமை இல்லாத ஊழியர்களால் லோட்டஸ் நோட்ஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்த முடியாமல் போனது. மைக்ரோசாஃப்ட் விரைவிலேயே 6ஏ என்ற மாற்றுப் பதிப்பை வெளியிட்டது. 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்பது கணினி நிர்வாகிகளின் பழக்கமானதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

பொறுத்ததற்கான விலை 2003 ஜனவரி 25 அன்று தெரிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் ஓட்டை வழியே புகுந்த ஸ்லாமர் என்னும் புழு, குறைந்தது 75,000 கணினிகளைப் பிடித்தது. பெரும்பாலானவை முதல் பத்து நிமிடங்களிலேயே வீழ்ந்தன. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏடிஎம்கள் முடங்கின. திருத்தமோ 2002 ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. நிர்வாகிகளின் சோம்பலே காரணம் என்று சொல்வது அநியாயம். அந்தத் திருத்தத்தில் தானாக நிறுவிக்கொள்ளும் வசதி இல்லை; கோப்புகளைக் கையாலேயே மாற்றி வைக்க வேண்டியிருந்தது. அதே நிரலின் சிறிய வடிவம் வேறு பல மென்பொருள்களுக்குள் பொதிந்திருந்ததால், தம் கணினியில் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மாதாந்திர வெளியீட்டுக்கு மாறியது: மாதத்தின் இரண்டாம் செவ்வாய். ஆரக்கிள் 2005 ஜனவரியில் காலாண்டு முறையைத் தொடங்கியது. 2005இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டபிள்யூஎஸ்யூஎஸ் என்ற நிரல், திருத்தங்களை நிறுவனத்தின் சொந்த சர்வரில் இறக்கி, சில கணினிகளில் சோதித்து, பிறகு மற்றவற்றுக்கு அனுமதிக்க வழிசெய்தது. அதிகாரமும் வேகமும் ஓரளவு ஒத்துப்போன காலம் இதுவே என்பேன்.

பிறகு திருத்தம் வரும் வழியே தாக்குதலின் வழியானது. 2017 ஜூனில் உக்ரைனின் எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற தீநிரல் பரவி, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையே நிலைகுலைய வைத்தது. 2020இல் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நஞ்சேறிய அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. அதில் நிறுவனத்தின் உண்மையான டிஜிட்டல் கையொப்பமே இருந்தது. யார் அனுப்பினார் என்பதற்குத்தான் கையொப்பம் சான்று. உள்ளே இருப்பதற்கு அல்ல.

2024 ஜூலை 19 நிகழ்வில் தாக்கியவர் எவருமில்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான தரவுக் கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும், வீழ்ந்த கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்குமாறு அமைத்திருந்தும் பயனில்லை. அந்த அமைப்பு முதன்மை நிரலைத்தான் கட்டுப்படுத்தியது, அவசரத் தரவுக் கோப்புகளை அல்ல. அவற்றை இனிப் படிப்படியாக வெளியிடுவதாகவும், எங்கே எப்போது ஏற்றுவது என்பதில் வாடிக்கையாளருக்குக் கூடுதல் கட்டுப்பாடு தருவதாகவும் க்ரவுட்ஸ்ட்ரைக் அதன் பிறகே அறிவித்தது.