கோடி என்று யார் சொன்னது?



கணக்கு முடிப்பு, ஆடிட் என்று ஓடியதில் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன ஞாயிறு, இங்கே எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டில் மகளின் பள்ளிக்கூட வேலைக்காக மேப்பை விரித்து உட்கார்ந்திருந்தோம். பாம்பன் தீவின் கிழக்கு நுனியில் விரலை வைத்து, "நம்ம ஊர்ப்பக்கம் இதோட முடிஞ்சுடுதாப்பா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்க தாத்தா கொழும்பில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தி. அவருக்கு தனுஷ்கோடி கோடி இல்லை, பாதி வழி! 1914-க்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷம் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, 30 கிலோமீட்டர் சொச்சம் கடல் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று தனுஷ்கோடி அப்போது ஒரு முழு ஊர்.

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, அது பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். அலையின் குணத்தைப் பார்த்து நம்ம மீனவர்கள் வைத்த பெயர்.

வங்கிக்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் காசுப் பைத்தியம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசில் 'சேது' என்று தமிழில் பொறித்தார்கள். இந்தக் கரையில் ராமநாதபுரம் ராஜாக்களுக்குப் பட்டமே சேதுபதி. ஒரே சொல்லுக்கு ரெண்டு கரையிலும் உரிமை! நடுவில் இருப்பது கடல் என்று யாருக்கும் தோன்றவில்லை போல.

எல்லோரும் தாத்தா மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். பின்னாளில் அதே முகாமில்தான் ஈழத்து அகதிகளைத் தங்க வைத்தார்கள்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்கும் என்று கையெழுத்து. இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 ராத்திரி, புயல். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோனது. பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். ஊரை? மனிதர் வாழத் தகுதியில்லை என்று அறிவித்ததோடு சரி.

கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகிப் போன ஜனங்கள் பலர் அதில்தான் வந்து இறங்கினார்கள். 1980-களில் போர் மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது.

புயலின்போது தாத்தா ஊரில் இருந்தார். தை பிறந்ததும் திரும்பிப் போவதாக ஏற்பாடு. பாட்டி விடவே இல்லை. முதலாளியிடம் சேர்த்து வைத்த சம்பளப் பணம் வரவில்லை. அதற்கான கணக்கு நோட்டு மட்டும் எங்கள் பீரோவில் இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் கணக்கை நேர் செய்கிறேன், இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நிற்க. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகுமாம். விடுமுறைக்கு மகளைக் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.

அவளோ அதற்குள் மேப்பில் தலைமன்னார் வரை பென்சிலால் புள்ளிக்கோடு போட்டுவிட்டாள். டீச்சர் என்ன சொல்வாரோ!